பச்சையாக இல்லாத கூலன்ட்

பாலை நகத்தில் விட்டுப் பார்ப்பார். தேனில் தீக்குச்சியை முக்கி உரசிப் பார்ப்பார். கென்யாவின் ஆதி ரிவர் ஊரில் பேட்டரிச் சோதனைக் கூடத்தின் தலைவர் முசெம்பி சோதிக்காமல் வீட்டுக்குள் விட்டது மனைவியை மட்டும்தான். அதுவும் அந்த அம்மாள் முந்திக்கொண்டு இவரைச் சோதித்துவிட்டதால்.

அப்படிப்பட்டவர் முன்னால் செவ்வாய்க்கிழமை ஒரு டிரம் வந்து இறங்கியது. புது லோடு பெட்டிக்கான கூலன்ட். மின்சார பஸ் ஓடாமலே ஓடுவதாக பேட்டரியை ஏமாற்றி, அது தரும் மின்சாரத்தையெல்லாம் சூடாக்கி விழுங்கும் பெட்டி அது. உள்ளே ஓடும் திரவம் அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போகாவிட்டால் பெட்டி கருகிவிடும். வியாழக்கிழமை மொம்பாசா பஸ் கம்பெனிக்காரர்கள் சோதனை பார்க்க வருகிறார்கள்.

டெக்னீஷியன் சிமியூதான் விசாரித்துத் தேர்ந்தெடுத்து வரவழைத்திருந்தான். முசெம்பி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். அடியில் டிரம்மின் தரை தெரிந்தது.

"என்னப்பா, வெறும் தண்ணியால்ல இருக்கு?"

"முக்காவாசி தண்ணிதான் பாஸ். உப்பு நீக்கினது. மிச்சம் கிளைக்கால்ங்கிற ரசாயனம், துருப்பிடிக்காம இருக்க மருந்து."

"கலர் எங்க?"

"கலர் போடாததுதான் வேணும்னு கேட்டு வாங்கினேன்."

"மூணு மடங்கு விலை! ஒரு சொட்டு பச்சை ஊத்தக் கூடவா மனசு வரலை அந்தப் பொண்ணுக்கு?"

அந்தப் பெண் ஜெரோப், நைரோபியில் கூலன்ட் விற்பவள். காலி டப்பாவைக் கத்தியால் குத்தி ஓட்டை போட்டுத்தான் குப்பையில் எறியும் ஊர் இது. இல்லாவிட்டால் மறுவாரமே அது புது மூடியோடு கடைக்குத் திரும்பிவிடும். இங்கே கூலன்ட் என்றால் பச்சை. பச்சை இல்லையென்றால் ஏதோ நடக்கிறது. சிமியூவின் காலில் வேறு புது ஷூ. முசெம்பியின் மனம் தண்ணீரையும் ஷூவையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. முடிச்சுப் போடுவதில் அவர் மனம் மீன்வலைக்காரனைத் தோற்கடிக்கும்.

மதியம் கேன்டீனுக்கு இரண்டு சோடா பாட்டில்களோடு போனார். ஒன்றில் டிரம் சரக்கு. இன்னொன்றில் கார் கடையில் வாங்கிய பச்சை.

"முவேனியம்மா, இதை ஃப்ரீசர்ல வைங்க. தண்ணின்னா உறையும், கூலன்ட்னா உறையாது."

"என் மீனுக்குப் பக்கத்துலயா? எவனாவது எடுத்துக் குடிச்சுச் செத்தா, பழி என் மீன் மேல விழும்."

பாட்டில்கள் மேல் மண்டையோட்டுப் படம் வரைந்து கொடுத்த பிறகுதான் கேன்டீன்காரி வாங்கிக்கொண்டாள்.

புதன் காலை பச்சை, பாட்டிலுக்குள் சளக் சளக்கென ஆடியது. டிரம் சரக்கு ஐஸ் கூழாகக் கெட்டித்துக் கிடந்தது. முசெம்பிக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் நாம் நினைத்தது சரி என்பதில் ஒரு சுகம் உண்டே, அதையும் அவர் விடவில்லை.

"ஏழு வருஷமா உன்னை நம்பினேன் சிமியூ. சாவியை வச்சுட்டு வீட்டுக்குப் போ. வேலை இருக்கா இல்லையான்னு சொல்லி அனுப்பறேன்."

"பாஸ், ஒரு வார்த்தை..."

"பாட்டில் பேசிடுச்சுப்பா."

கூடத்தில் எல்லாரும் பார்க்க, சிமியூ சாவியை மேஜைமேல் வைத்தான். கதவைச் சாத்தாமல் போனான்.

முசெம்பி போனில் போட்ட சத்தத்தில் பத்து மணிக்கு ஜெரோப் வந்தாள். பையிலிருந்து ஒரு சின்னக் குழலை எடுத்தாள். நுனிக் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுக் கண்ணில் வைத்துப் பார்த்தால், கலவையில் கிளைக்கால் நூற்றுக்கு எவ்வளவு என்று காட்டும். முசெம்பி அதையும் நம்பவில்லை. முதலில் குழாய்த் தண்ணீரை விடச் சொன்னார். பூஜ்யம். பச்சையை விடச் சொன்னார். ஐம்பது. டிரம் சரக்கை அவரே விட்டார். இருபத்தேழு.

"நான் எழுதிக் கொடுத்ததும் இருபத்தேழுதான்," என்றாள் ஜெரோப். "உங்க ஃப்ரீசர் எவ்வளவு குளிர், மாமா?"

"மீன் கல்லு மாதிரி ஆகும்."

"அதுல இது உறையத்தான் செய்யும். ஆதி ரிவர்ல என்னிக்காவது பனி விழுந்திருக்கா?"

முசெம்பி ஜன்னலைப் பார்த்தார். வெயில் பல்லை இளித்தது.

"கிளைக்கால் கூடக் கூட, சூட்டைச் சுமக்கிறது குறையும், பம்புக்கும் பாரம். துரு, பாசி அண்டாத அளவுக்கு இருந்தாப் போதும். உங்க பச்சையில இருக்கிற சிலிக்கேட்டு, பெட்டிக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன வழியில எல்லாம் ஜெல்லி மாதிரி அடைச்சுக்கும்."

"அப்ப கலர்?"

"உள்ள இருக்கிறது செம்புத் தகடு. செம்பு அரிச்சா திரவம் பச்சையாகும். மொதல்லயே பச்சையா இருந்தா என்னத்தைக் கண்டுபிடிப்பீங்க? இதெல்லாம் சிமியூ அண்ணன் என்னைக் கேட்டுக் கேட்டு உயிரை வாங்கினது. உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்ல வந்தான். பாட்டில்தான் முந்திக்கொண்டது.

மட்டாட்டு வேன் நிறுத்தத்துக்கு முசெம்பி ஓடினார். அவர் தொப்பைக்கு அது ஓட்டம்தான். பார்த்தவர்கள் நடை என்றார்கள். சிமியூ இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு நின்றிருந்தான்.

"தப்பு என்மேலதான் தம்பி. வா."

"எல்லார் முன்னாடியும் சாவியை வாங்கினீங்க."

"எல்லார் முன்னாடியும் திருப்பித் தரேன்."

கேன்டீனில் சாப்பிட உட்கார்ந்திருந்த பதினாறு பேர் முன் நின்று, ஃப்ரீசர் கதையை ஒன்று விடாமல் சொன்னார். தன் கணக்கில் இரண்டு அசட்டுத்தனங்களைக் கூடுதலாகவே சேர்த்துக்கொண்டார். கூட்டம் வாயிலிருந்த உகாலிக் களி தெறிக்கச் சிரித்தது. சாவியை வாங்கிக்கொண்ட சிமியூ மட்டும் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை லோடு பெட்டி முழு மூச்சில் ஓடியது. மொம்பாசாக்காரர்கள் கைகட்டி நின்றார்கள். முசெம்பி பேனாவோடு தயாரானார்.

"சூடு எவ்வளவு, சிமியூ?"

"நீங்களே வந்து பாத்துக்குங்க பாஸ். நான் சொன்னா நம்புவீங்களா?"

வெப்பமானி நான்கடி தள்ளித்தான் இருந்தது. முசெம்பியின் கழுத்து பழக்கதோஷத்தில் அந்தப் பக்கம் திரும்பப் போனது. பிடித்து நிறுத்திக்கொண்டார்.

"நீ சொல்லு."

சிமியூ குனிந்து மானியைப் பார்த்தான்.

"நாப்பத்தொண்ணு."

முசெம்பி தலை நிமிராமல் எழுதினார்.