கொடையின் கொம்பு

விண்ணைத் தாங்கும் பணி தமக்கே உரியதென்று செருக்கி நிற்கும் செஞ்சிக் குன்றுகள் மூன்றும், அவற்றைப் பிணித்துக் கிடக்கும் கோட்டை மதிலும், பங்குனித் திங்களின் பிற்பகல் வெயிலில் உலையிலிட்ட இரும்பெனக் காய்ந்து, அடிவாரத்துக் குளத்து நீரை மீனோடு கொதிக்க வைத்துக்கொண்டிருந்த நேரம். கடைத்தெருவின் பின்னே, நெல் மூட்டைகள் நீங்கிய கிடங்கொன்றில், இடுப்பில் மகவும் மடியில் பலகையுமாக நாற்பது இளந்தாய்மார் எழுத்துக் கற்றுக்கொண்டிருந்தனர். ககரத்தின் முன்னே கொம்பும் பின்னே காலும் இட்டால் 'கொ' என்று கற்பித்தவள், மேல்சித்தாமூர்ச் சமணக் குடியிற் பிறந்த நீலாஞ்சனா. கிடங்கோ, அரிசி ஆலை உடையவரும், தலையில் கொம்பு முளைத்தாற்போல் நடப்பவருமாகிய சுந்தரமூர்த்தியாருடையது.

அவர்தம் ஈகையைக் கேளும், அன்பரே! எறும்புக்கு ஒரு குருணை இட்டாலும், அதன் முதுகில் தம் பெயர் பொறிக்க இடமுண்டோ என்று குனிந்து நோக்கும் உள்ளம் அவருடையது. நாற்பது பெண்களுக்கும் நாற்பது புடவை வழங்கினார். வழங்குமுன் ஒவ்வொரு முன்தானையிலும் செந்நூலால் முழநீளத்திற்குச் 'சுந்தரமூர்த்தி கொடை' என்று தைப்பித்தார். எழுத்தைப் பிரிப்பவள் புடவையையும் பாடத்தையும் ஒருங்கே இழப்பாள் என்று ஆணையும் இட்டார்.

தொண்டூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பூவாயிக்கு அகவை பத்தொன்பது. அவள் மகளுக்கு எட்டுத் திங்கள். கிழிசலை மறைக்கக் கூனியே நடந்த அவள், அப்புடவை உடுத்த நாள்முதல் நிமிர்ந்தாள். எழுத்தறியாக் கண்ணுக்குச் செந்நூல் பூங்கொடியாய்த் தோன்றியமையால், ஊரெல்லாம் காணட்டுமென்று முன்தானையை விரித்தே திரிந்தாள். நான்கு திங்கள் சென்றபின், கிணற்றடியில் முன்னே நின்ற, உடன் கற்கும் இராசாம்பாளின் தோளில் கிடந்த பூங்கொடிமேல் அவள் கண் படிந்தது. கொடி கலைந்து, கொம்பும் காலுமாய், எழுத்தாய் எழுந்து நின்றது. எவர் துணையுமின்றி அவள் வாழ்வில் படித்த முதற் சொற்கள் அவையே.

"மாட்டுக்குச் சூடு போட்டா மாதிரி போட்டு வச்சிருக்காரு. நாமளும் சிரிச்சிக்கினே சுமந்தோம் பாருக்கா" என்றாள். தாழ்ந்த அக்குரலில் இருந்த தீ, குன்று மூன்றையும் உருக்கி ஆலை வாயிலில் ஊற்றப் போதுமானது.

அவ்வாரத்து வெள்ளியன்று, ஊரில் திறக்கவிருந்த குழந்தைகள் காப்பகத்துக்கு உதவிப் பெண் ஒருத்தியைத் தெரிந்தெடுக்க விழுப்புரத்து அலுவலர் வருவதாயிருந்தார். பிழையின்றிப் படிப்பவளுக்கே பணி. பூவாயிக்கோ உடுத்திச் செல்ல வேறு புடவை இல்லை. பெயரைச் சுமந்து சென்றால் தலை நிமிராது. பிரித்தாலோ பாடம் போகும். வியாழன் காலை, பாலருந்தும் மகளை மடியிற் கிடத்தி ஊசியெடுத்தாள்; 'கொடை'யின் முன்னே சுருண்டிருந்த ஒற்றைக் கொம்பை மட்டும் தையல் தையலாய்ப் பிடுங்கி எறிந்தாள்.

மறுநாள் அலுவலரின் அருகே, ஊர்ப் பெரியவர் என்னும் உரிமையால், சுந்தரமூர்த்தியாரும் வீற்றிருந்தார். அலுவலர் நாளிதழை நீட்டுமுன் குறுக்கிட்டு, "பேப்பர் எதுக்குங்க? அவ முந்தானிலயே எழுதியிருக்குது, அதைப் படிக்கச் சொல்லுங்க" என்றார்.

பூவாயி முன்தானையை இரு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

"சுந்தரமூர்த்தி காடை."

அங்கிருந்தோர் அடக்கிய சிரிப்பில் கூரை ஓடுகள் ஒரு விரற்கடை எழும்பி அமர்ந்தன. செந்நூலினும் சிவந்தது வள்ளலின் முகம்.

"ஒழுங்காப் படி. கொடைடி அது."

"கொடைக்குக் கொம்பு வேணுங்க மொதலாளி. இதுல இல்லீங்க. இருக்கறதத்தானே படிக்க முடியும்?"

அலுவலர் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, துணியருகே குனிந்து, எழுத்தெண்ணி நோக்கி, இப்பெண் பிழையின்றிப் படித்தாள் என்றெழுதிக் கையொப்பமிட்டார்.

அன்று மாலையே கிடங்கு பூட்டப்பட்டது. வழக்கம்போல் இதுவும் ஊர் நன்மைக்கே என்று சொல்லப்பட்டது. நீலாஞ்சனா பலகைகளைச் சுமந்துகொண்டு காப்பகத்து முற்றத்துக்கு வந்தாள்; அவள் பின்னே முப்பத்தொன்பது தாய்மாரும், கொம்பிழந்த முப்பத்தொன்பது முன்தானைகளும் வந்தன. ஆலைக்காரர் தெருவிலிறங்கினால் சிறுவர் காடைபோல் கத்தும் ஓசை கோட்டையுச்சிவரை கேட்குமென்பர்.

பணியேற்ற நாளில் பூவாயி, எஞ்சிய எழுத்தனைத்தையும் பிரித்துவிட்டு அதே புடவையை உடுத்திச் சென்றாள். நூல் போயிற்று. ஆயினும் வெயிலில் விரித்தால், ஊசி சென்ற துளைகள் வரிசையாய் நின்று அப்பெயரை இன்றும் காட்டும். ஈகின்ற கையுடையீரே, உடுப்பவள் ஒருநாள் படிக்கவும் கற்பாள் என்பதை மறவாது ஈவீராக.