டெட்டாலில் ஊறிய விமானம்

பழைய டூத்பிரஷ்ஷால் ரூபி விமானத்தின் இறக்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முன்வாசல் பந்தலில் ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது. சவப்பெட்டிக்குள் அப்பா இருதயநாதன் கிடக்க, மகள் கொல்லையில் குத்துக்காலிட்டுப் பொம்மை கழுவுகிறாள் என்று யாராவது பார்த்தால் ஊர் முழுக்கப் பேசுவார்கள். பேசட்டும். அண்ணன் பிராங்கிளின் ஒட்டன்சத்திரம் தாண்டிவிட்டான். இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருக்கிறது.

கையகலப் பிளாஸ்டிக் போர்விமானம் அது. டப்பாவில் துண்டு துண்டாக வந்ததை அப்பா ஒட்டினார். பதினாலு வயதில் பிராங்கிளின் அதற்குப் பச்சை எனாமல் பூசினான். இருவரும் சண்டையில்லாமல் சேர்ந்து செய்த காரியம் அந்த வீட்டில் அது ஒன்றுதான். அப்பாவின் சம்மதமில்லாமல் அவன் தமிழ்நிலாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. எட்டு வருஷம். ஆனாலும் விமானம் ஷோகேஸை விட்டு இறங்கவில்லை. அம்மாவும் ரூபியும் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டார்கள்.

போன வாரம் பிராங்கிளின் தன் கைக்குழந்தையின் படத்தை ரூபியின் போனுக்கு அனுப்பினான். அப்பா பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். நேற்று விமானத்தை எடுத்து ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு ஒரு பாட்டில் டெட்டாலைக் கவிழ்த்தார். அதில் ஊறினால் எனாமல் பெயிண்ட் கழன்றுவிடும்.

"எதுக்குப்பா இப்ப?"

"அவன் பூசுன பச்ச ஒரு பொட்டுகூட இந்த வீட்ல இருக்கக் கூடாது."

மகனைப் பற்றி அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். விடியற்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

போனில் ரூபி, "கடைசியா உன்னத்தான்ணே கேட்டாரு" என்றாள். சொல்லாவிட்டால் அவன் கிளம்பியிருக்க மாட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. ஷோகேஸில் காலியாகத் தெரியும் இடத்தை எதை வைத்து மறைப்பது? மிச்சப் பெயிண்டையும் சுத்தமாக உரித்துவிட்டால், 'நீ வந்து புதுசாப் பூசணும்னுதான் எடுத்து வச்சாரு' என்று இன்னொரு பொய் சொல்லலாம். அவன் அப்பாவின் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டால் போதும், அம்மா நிம்மதியாக இருப்பாள்.

பச்சை நன்றாகத்தான் கழன்றது. அவசரத்தில் ரூபி ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள். அவ்வளவுதான், கழன்ற பெயிண்டெல்லாம் பலாப்பால் மாதிரி திரண்டு இறக்கையிலும் அவள் பத்து விரலிலும் அப்பிக்கொண்டது. சோப்புக்கும் மசியவில்லை. தேய்க்கத் தேய்க்க இழுத்துக்கொண்டே வந்தது.

முன்னால் கார் நின்றது. கால் கழுவிவிட்டு உள்ளே போகலாம் என்று பிராங்கிளின் நேராகக் கொல்லைக்கு வந்தான். அவள் கையைப் பார்த்தான்.

"எப்ப ஊறப் போட்டாரு?"

"நீ வந்து பூசணும்னுதான்ணே..."

"எப்பன்னு கேட்டேன்."

"நேத்து."

"என்னயக் கேட்டாருன்னு சொன்ன."

பெட்டிக்குள் கிடப்பவர்மேல் ரூபிக்குக் கோபம் பொங்கியது. ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்?

பிராங்கிளின் அவள் எதிரில் உட்கார்ந்தான். கைக்குட்டையை டெட்டால் டப்பாவில் முக்கி அவள் கட்டைவிரலைத் துடைத்தான்.

"எடுத்ததும் தண்ணி ஊத்தக் கூடாது. மொதல்ல டெட்டால்லயே தொடைக்கணும், அப்புறந்தான் தண்ணி. எனக்குச் சொல்லிக் குடுத்தாரு."

அம்மா சகாயராணி பின்வாசலுக்கு வந்துவிட்டாள்.

"வாய்யா. சாமியார் காத்துக்கிட்டு இருக்காரு. நீ முத்தங் குடுத்தாத்தான் பெட்டிய மூட முடியும்."

"மூடச் சொல்லும்மா."

அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அவன் நிமிராமல் ரூபியின் அடுத்த விரலைப் பிடித்தான்.