நடுங்கும் வரை பயமில்லை

குளிரை முன்கூட்டிச் சொல்வது என் வேலை. லண்டனில் ஒரு தனியார் வானிலை நிறுவனத்தில் இருபது வருடங்களாக அதைத்தான் செய்கிறேன். எந்த நாளில் தண்டவாளம் உறையும், எந்தக் காலையில் முதியோர் இல்லங்கள் ஹீட்டரைக் கூட்டி வைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். ரயில்காரர்கள் என் பேச்சைக் கேட்பார்கள். என் கணவர் பாலேந்திரா கேட்க மாட்டார்.

அவருக்கு அறுபத்தொரு வயது. யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லி உடம்பு. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்த்தி வைத்திருந்தார். நேர்த்தி எனக்காக. போன வருடம் எனக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. அறுவைச் சிகிச்சையும் கீமோவும் முடிந்து, கோடையில் எடுத்த ஸ்கானில் ஒன்றும் இல்லை என்றார்கள். மருத்துவமனைக்காரர்கள் இரவு பகலாகப் பார்த்த வேலைக்கு முருகன் பெயர் வாங்கிக்கொண்டான். நான் பிழைத்தால் வெறும் மேலோடும் வெறுங்காலோடும் ஈர வேட்டியோடும் கோயிலைச் சுற்றி வீதி வலம் வருவதாக அவர் அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். நான் பிறந்த ஜோகூரில் காவடி எடுப்பவர்களுக்கு வெயிலில் கால் கொப்பளிக்கும், உங்களுக்கு விறைத்துத்தான் போகும் என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

தை பிறந்தபோதே வடதுருவத்துக்கு மேலே, விமானம் பறக்கும் உயரத்தையும் தாண்டி, காற்று குழம்பத் தொடங்கியிருந்தது. அங்கே குழம்பினால் சில வாரங்களில் துருவக் குளிர் தெற்கே வழிந்து வர வாய்ப்பு உண்டு. இந்த முறை அது ஸ்கண்டிநேவியா வழியாகக் கிழக்குக் காற்றாக வரும், பூசத்தன்றே லண்டனைத் தொடும் என்று எங்கள் கணிப்புகள் காட்டின. வெப்பமானியைப் பார்த்தால் பெரிய குளிராகத் தெரியாது. உறைநிலைக்கு ஒன்றிரண்டு டிகிரி கீழேதான். ஆனால் வேகமாக அடிக்கும் காற்று உடம்பைச் சுற்றியிருக்கும் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். தோலுக்கு அது மைனஸ் பத்து. ஈரத் தோலுக்கு அதைவிட மோசம். போனைப் பார்த்துவிட்டு 'ரெண்டு டிகிரிதானே' என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காவடி பிற்பகலில் என்றுதான் முதலில் இருந்தது. கோயில் செயலாளர் கமலநாதன் வெள்ளிக்கிழமை எனக்குப் போன் பண்ணி வானிலை கேட்டார். குளிர்காற்று மாலையில்தான் வரும், காலையிலேயே முடித்துவிடுங்கள் என்றேன். அவர் கவுன்சிலுடன் மல்லுக்கட்டித் தெருவை மூடும் அனுமதியைக் காலைக்கு மாற்றி வாங்கினார். எனக்கும் திருப்தியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் வாசலில் காரை நிறுத்திவிட்டு, வழக்கம்போல் லண்டனுக்குக் கிழக்கே எசெக்ஸ் கடற்கரையில் இருக்கும் வானிலை நிலையத்தின் அளவைப் போனில் பார்த்தேன். காற்று ஏற்கெனவே கிழக்குக்குத் திரும்பியிருந்தது. வெப்பம் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. மாலையில் வர வேண்டியது காலையிலேயே கரையேறிவிட்டது. இன்னும் ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் தலைமேல் இருக்கும்.

கமலநாதனைத் தேடிப் பிடித்து, வீதி வலம் வேண்டாம், மண்டபத்துக்குள்ளேயே சுற்றட்டும் என்றேன். எங்கள் கோயில் முன்பு கார்பெட் கிடங்காக இருந்த கட்டடம். உள்ளே இடத்துக்குக் குறைவில்லை. அவர் தவிலையும் நாதஸ்வரத்தையும் காட்டினார். கிங்ஸ்பரியிலிருந்தும் பிளேஸ்டோவிலிருந்தும் வந்து நிற்கும் சனத்தைக் காட்டினார். மத்தியானத்துக்குப் பிறகு தெருவைத் திறந்துவிட வேண்டும் என்றார். கடைசியாக ஒன்று கேட்டார்.

"நீங்கள்தானே அக்கா காலமை நல்லம் எண்டு சொன்னனீங்கள்?"

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஜாக்கெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தவர்கள்கூட இருந்தார்கள். அந்த வெயிலில் நின்று குளிர் வருகிறது என்று சொன்ன என்னை எல்லோரும் இரக்கத்தோடு பார்த்தார்கள்.

பாலேந்திரா அதற்குள் தலையில் தண்ணீர் வார்த்து, திருநீறு பூசி, ஈர வேட்டியோடு தயாராக நின்றார். மூன்று நாளாக விரதம் வேறு. விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது. நான் கணித்தது தப்பு, குளிர் முன்னதாகவே வருகிறது என்று அவரிடம் நேராகச் சொன்னேன். என் இருபது வருட வேலையில் ஒரு தப்பை அவ்வளவு சத்தமாக நான் ஒத்துக்கொண்டதில்லை.

"அப்ப கெதியா நடக்கிறன்" என்றார், வேகமாக நடந்தே குளிரை முந்திவிடலாம் என்பதுபோல.

அதற்கு மேல் அவரை அசைக்க முடியாது என்று தெரியும். அவருடைய கனமான ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நடப்பேன், நான் நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும் என்றேன். தலையாட்டினார். எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். உடம்பு நடுங்கும் வரை பயமில்லை. நடுங்கித்தான் அது சூடு உண்டாக்குகிறது. நடுக்கம் நின்றால்தான் ஆபத்து. அவர் தோள்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தால் போதும்.

மூன்று காவடிகள். முன்னால் தர்சிகன், யதுசன் என்ற இரண்டு இளைஞர்கள், பின்னால் இவர். முதல் தெரு நன்றாகத்தான் போனது. இரண்டாவது தெருவில் கிழக்கு வானம் கறுத்து வருவதைக் கண்டேன். மூன்றாவது தெருவுக்குத் திரும்பியபோது காற்று நேராக முகத்தில் அறைந்தது. மயிலிறகுகள் பிய்ந்து பறந்தன. யார் வீட்டுக் குப்பைத்தொட்டியோ தெருவில் உருண்டு வந்தது. ஜாக்கெட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் அவசரமாகப் போட்டுக்கொண்டார்கள். இளைஞர்கள் இருவரும் 'அரோகரா' என்று கத்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கோயிலை நோக்கிப் போய்விட்டார்கள். பாலேந்திராவால் ஓட முடியவில்லை. காற்று காவடியைப் பிடித்துப் பின்னால் தள்ளியது.

அவர் நடுங்கினார். தாடை அடித்தது, தோள்கள் உதறின. நிறுத்தலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். என் உயிருக்காக நடக்கிற மனிதரிடம் போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு காற்றுவீச்சில் காவடி சாய்ந்தது. பத்துப் பேர் தாங்க ஓடிவந்தார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் நான் பின்னால் போய்விட்டேன். தலைகளுக்கு இடையில் அவர் மறுபடி தெரிந்தபோது தோள்கள் அசையாமல் இருந்தன. முகத்தில் ஓர் அமைதி. இரண்டடி எடுத்து வைத்தார், வந்த வழியே திரும்பினார், தள்ளாடினார். நாக்குத் தடித்து ஏதோ சொன்னார்.

"உரு வந்திட்டுது" என்றார் சிவனேஸ்வரி அக்கா. கோயிலில் சாமி வந்து ஆடுபவர்களைப் பிடித்து அமர்த்துவது அவர்தான். தவில் வேகம் பிடித்தது. சனம் வளையமாகச் சூழ்ந்து கை கூப்பியது. தன் மகளுக்கு எப்போது கலியாணம் சரிவரும் என்று ஒருவர் அவரிடம் குறி கேட்டார். சத்தியமாகக் கேட்டார். என் கணவர் அவரை யாரென்று தெரியாமல் பார்த்தார்.

"வெக்கையாக் கிடக்கு" என்றார். அது மட்டும் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

அந்தக் காற்றில் ஒருவர் வெக்கை என்றால் அவர்களுக்கு வேறு சாட்சி வேண்டுமா? முருகன் இறங்கிவிட்டான், தண்ணீர் ஊற்றிக் குளிர்த்தி செய்ய வேண்டும். சிவனேஸ்வரி அக்கா மஞ்சள் தண்ணீர்ச் செம்பை வாங்கிக்கொண்டு முன்னே வந்தார். எனக்கு மட்டும்தான் தெரியும், உடம்பு விறைத்துத் தோற்றுப்போகும்போதுதான் குளிர் வெக்கையாகத் தெரியும் என்று. வழி விடுங்கள் என்று கத்தினேன். தவில் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. யார் காலை மிதித்தேன், யாரை இடித்தேன் என்று தெரியாது. உள்ளே போய்ச் சேர்ந்தபோது செம்பு அவர் தலைக்கு மேல் இருந்தது. அதை ஒரே அடியாகத் தட்டிவிட்டேன்.

"சாமி இல்ல, குளிர்! இன்னொரு செம்பு ஊத்துனா செத்துருவாரு!"

தவில் நின்றது. நான் காவடியில் கை வைத்தேன். நேர்த்திக் காவடியைப் பாதி வழியில் இறக்கக் கூடாது என்று ஒருவர் என் கையைப் பிடித்தார். அவர் கையைக் கடித்திருப்பேன். கமலநாதன் அதற்குள் பாலேந்திராவின் உதட்டைப் பார்த்துவிட்டார். அது நீலம் பாய்ந்திருந்தது. காவடியின் மறுபக்கத்தைப் பிடித்து இறக்கி ஒரு வீட்டு மதிலில் சாய்த்தார். கோயில் வேன் பக்கத்தில் நின்றது. உள்ளே ஏற்றி, ஈர வேட்டியை உருவி, கிடைத்த ஜாக்கெட்டுகளையெல்லாம் போட்டு மூடினோம். விறைத்த உடம்பைத் தேய்த்தால் ஆபத்து என்று, கையைக் காலைத் தேய்க்க வந்தவர்களை விரட்டினேன். பாலேந்திரா கண்ணை மூடப் பார்க்கும்போதெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கட்டிய நாளிலிருந்து அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஆம்புலன்ஸ் வந்து, உள்ளே ஏற்றி, சூடான போர்வை போட்டும் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் தாடை லேசாக ஆடியது. தோள் உதறியது. முழு உடம்பும் நடுங்கத் தொடங்கியது. நான் அந்த நடுக்கத்தைப் பார்த்து விக்கி விக்கி அழுதேன். தப்பித்துவிட்டார் என்று மருத்துவ உதவியாளர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"காவடி?" என்றார்.

வெளியே இருக்கிறது, பேசாமல் படுங்கள் என்று சீறினேன். அறிவிருக்கிறதா, நான் யாரை வைத்துக்கொண்டு வாழ்வது, இப்படியொரு பிடிவாதம் உண்டா என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் பல் அடிக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது.

"வாற கிழமை உமக்கு ஸ்கான். நான் பாதியில விட்டிட்டன். அதில ஏதும் கண்டா, நான் எப்பிடி உம்மடை முகத்தைப் பாக்கிறது?"

அவரிடம் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. இந்த நோய் திரும்பி வர எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று நான் நன்றாகவே படித்து வைத்திருக்கிறேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்த விழுக்காட்டைச் சொல்வது? ஸ்கானில் ஏதாவது இருந்தால் இந்த மனிதர் சாகும் வரை அந்த மிச்சத் தெருவையே நினைத்துக்கொண்டிருப்பார். என் நோய் அவர் செய்த குற்றமாகிவிடும்.

இதயத் துடிப்பைப் பார்த்து முடிக்க இன்னும் கொஞ்ச நேரமாகும், பிறகுதான் புறப்படுவோம் என்றார் உதவியாளர். நான் கீழே இறங்கினேன். மிச்ச வழிக்குக் காவடியை மனைவி தூக்கலாமா என்று கமலநாதனிடம் கேட்டேன். தூக்கலாம் என்றார். பிறகு தயங்கி, "சப்பாத்தைக் கழட்டோணும், அக்கா" என்றார்.

"கழட்ட மாட்டேன்."

தொப்பியைக் காது வரை இழுத்து, கையுறையை மாட்டி, ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றிக்கொண்டு, ஷூக் காலோடு காவடியைத் தோளில் வைத்தேன். ஒழுங்காக உடுத்தியவர்களை அந்தக் காற்று ஒன்றும் செய்யாது. அறுவை செய்த பக்கம் சுருக்கென்று இழுத்தது. யாரும் அரோகரா சொல்லவில்லை. காவடி காற்றில் சரிந்தபோது ஒரு கை வந்து பிடித்தது, சிவனேஸ்வரி அக்கா. என்னைப் பார்க்காமலே பிடித்துக்கொண்டு கூட நடந்தார்.

ஆம்புலன்ஸ் கதவின் கண்ணாடி வழியாகப் பாலேந்திரா தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முருகனிடம் கேட்க ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. எது வந்தாலும், அது இவர் நடக்காமல் விட்ட தெருவால் வந்ததாக இருக்கக் கூடாது.