வலப்பக்கம் ஒரு சாண்

நான்காவது அம்பும் அடிமரத்துக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளிப் போய் மண்ணில் குத்தி நின்றது. பட்டுப்போன பலாவின் அடிமரம் அது. மூன்று வருடத்துக்கு முன்பு வீட்டுக்குப் பின்னால் எப்படி நின்றதோ அப்படியே நிற்கிறது, நடுவில் வண்டு துளைத்த ஓட்டைகள் மட்டும் புதிது. என் கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்கே காட்டிக்கொள்ள அந்த ஓட்டைகளை எண்ணிப் பார்த்தேன். எண்ண முடிந்தது. பிறகு ஏன் அம்பு போகமாட்டேன் என்கிறது?

வெள்ளைக்காரனின் சண்டைக் காலத்தில் அசாமுக்கு ரோடு போடப் போனவன் நான். காய்ச்சலில் பாதி உடம்பை அங்கேயே விட்டுவிட்டு முந்தாநாள்தான் மலை ஏறினேன். நாளை பொங்கல் வேட்டை. எங்கள் ஊர் வேட்டையில் முதல் அம்பு என்னுடையது. அது தவறினால் அந்த உரிமை வேறு ஆளுக்குப் போய்விடும், காய்ச்சல்காரன் என்ற பெயர் மட்டும் என்னிடம் தங்கும்.

வில் என் வில்தான். நாணை மாற்றிப் பார்த்தேன். காற்றும் இல்லை. குலசாமிக்கு ஏதாவது குறை வைத்துவிட்டேனா என்று யோசித்தேன். மூன்று வருடம் ஊரிலேயே இல்லாதவன் எதைத்தான் குறை வைக்கவில்லை? காது வரை இழுத்து ஐந்தாவதையும் விட்டேன். அதே வலப்பக்கம். தவறுவதுதான் தவறுகிறது, கொஞ்சம் மாறியாவது தவறக் கூடாதா?

மண்ணிலிருந்து பிடுங்கிய அம்பை முழங்காலில் வைத்து வளைத்தபோதுதான் திகைத்தேன். நாணல் மாதிரி வளைந்தது. என் வில்லின் வேகத்துக்கு ஏற்ப ஒவ்வொரு மூங்கிலையும் சுரண்டி, வளைத்துப் பார்த்து, மறுபடி சுரண்டி நான் செய்தவை இவை. அம்பு அளவுக்கு மீறி விறைத்திருந்தால் இடப்பக்கம் ஓடும், துவண்டால் வலப்பக்கம். இவை துவண்டிருந்தன. யாரோ கத்தியால் சீவியிருக்கிறார்கள். ஏனோதானோ என்று அல்ல, கணு கணுவாக, பொறுமையாக. நான் விட்டுப்போன பதினொன்றையும்.

வாசலில் பாவாயி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் வில்லைத் தொடமாட்டார்கள். மனைவியிடம் போய் இதைக் கேட்பதா என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு, அம்பை யார் எடுத்தது என்று கேட்டேன்.

தான்தான் என்றாள். முறத்தை நிறுத்தவில்லை. பன்றி சாமைக் கொல்லையை உழுதுபோட்ட கதையைச் சொன்னாள். அவள் கைக்கு நாண் நெஞ்சு வரைதான் வருமாம். அந்த இழுப்புக்கு என் அம்பெல்லாம் இடப்பக்கமே ஓடியதாம். ஊரார் கொல்லைக்குப் போன பிறகு, யாருக்கும் தெரியாமல், எய்வதும் சீவுவதுமாகவே இருந்தாளாம்.

எனக்கு வந்தது கோபமா வெட்கமா என்றே விளங்கவில்லை.

"எனக்குன்னு ஒண்ணையாச்சும் சீவாம வெச்சிருக்கலாமில்ல, பாவாயி?"

முறம் நின்றது.

"வெச்சிருந்தனுங்க. நீங்க வருவீங்கன்னு ரெண்டு வருசம் அதத் தொடவே இல்லீங்க. போன ஆடியிலதான் அதையும் சீவினேன்."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புதிதாகச் செய்யலாம் என்றால் மூங்கில் காயவே ஒரு மாதம் ஆகும். அடிமரத்துக்கு முன்னால் மறுபடி போய் நின்றேன். எதற்கென்று தெரியாமலே, நாணை நெஞ்சு வரை மட்டும் இழுத்து விட்டேன். வண்டு துளைத்ததாக நான் நினைத்திருந்த ஓட்டைகளுக்கு நடுவில் அம்பு ஏறி நின்று ஆடியது. வாசலில் முறத்தின் சத்தம் இன்னும் தொடங்கவில்லை.