ஈயம் இல்லாத கிணறு

அந்தமானுக்கென்று ஒரு தண்ணீர்ச் சோதனைக்கூடம் வேண்டும் என்று இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி வாங்கி வந்தவர் வைஜெயந்தி. அதற்கு முன்பெல்லாம் பாட்டில்கள் கப்பலேறிச் சென்னைக்குப் போகும். முடிவு வருவதற்குள் ஒரு மழைக்காலமே முடிந்துவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அலமாரியின் பின்வரிசையில் கிடந்த பழைய நைட்ரிக் அமிலப் புட்டியை எடுத்தார். தண்ணீரில் உள்ள ஈயம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளாமலிருக்க அதில் சில சொட்டு விடுவார்கள். வழக்கம்போல் முதலில் சுத்தமான வடிநீரில் விட்டுச் சோதித்தார். எதுவுமே இருக்கக் கூடாத அந்த நீரில் கருவி ஈயம் காட்டியது. மறுபடி பார்த்தார். மறுபடியும் காட்டியது. கெட்டுப்போனது அமிலம்தான்.

பதிவேட்டைப் புரட்டினார். மூன்று வருஷத்துக்கு முன் அந்தப் புட்டியிலிருந்து ஒரே ஒரு மாதிரிக்கு அமிலம் எடுத்திருந்தார்கள். ரங்கத் பக்கம், பழனிசாமி என்பவரின் கிணறு. அதில் ஈயம் இருப்பதாக எழுதி, யாரும் குடிக்கக் கூடாதென்று அறிவித்திருந்தார்கள். வடிநீர் காய்ச்சும் வடிகலன் பழுதாகி, உதிரி பாகம் வர வேண்டிய கப்பல் தாமதமான வாரம் அது. வடிநீர்ச் சோதனைக்கான கட்டத்தில், செய்யவில்லை என்பதற்கு அடையாளமாக வெறும் கோடு. கீழே வைஜெயந்தியின் கையெழுத்து.

மேலதிகாரி இராமகிருஷ்ணன் பொறுமையாகக் கேட்டார்.

"ஃபைல் குளோஸ் ஆயாச்சு மேடம். புதுசா ஒரு சாம்பிள் எடுத்து, இப்ப தண்ணி சரியாயிடுச்சுன்னு எழுதிடுவோம். யாருக்கும் சங்கடமில்ல."

"இப்ப சரியாகல சார். அப்பவே சரியாத்தான் இருந்துச்சு."

மறுநாள் விடியும் முன் ரங்கத்துக்கு பஸ் ஏறினார். வழியில் பாராடாங் படகுத்துறையில் காத்திருந்தபோது மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. கருவி காட்டும் எண்தான் உண்மை என்று இளவயதில் நினைத்திருந்தார். எண் பொய் சொல்லாதுதான். ஆனால் கேட்கிற கேள்வியில் ஓட்டை இருந்தால் பதிலும் ஒழுகும். பாட்டில் கழுவுவதும் கட்டங்களை நிரப்புவதும் அறிவியலுக்கு முந்திய எடுபிடி வேலை அல்ல, அறிவியலே அதுதான். ஒரு கட்டத்தில் அவர் சோம்பியதற்கு ஒரு குடும்பம் விலை கொடுத்திருக்கிறது.

பழனிசாமியின் பாக்குத் தோப்பில், குடிக்கக் கூடாது என்று கிணற்றுச் சுவரில் அடித்த சிவப்புப் பெயின்ட் இன்னும் மங்கவில்லை. வைஜெயந்தி நின்றபடியே விஷயத்தைச் சொல்லி, "தப்பு என்னோடது" என்று முடித்தார்.

பழனிசாமி கிணற்றுச் சுவரைத் தொட்டுக் காட்டினார்.

"பதினஞ்சு வீடு இதுல தண்ணி எடுத்துச்சு மேடம். தோட்டத்துல பழைய பேட்டரிய புதைச்சிட்டேன், அதுலேந்துதான் ஈயம் வந்துச்சுன்னு பேச்சு கெளம்புச்சு. பஜார்ல சாய் குடிக்கப் போனா பேட்டரிவாலான்னுதான் கூப்பிட்டாங்க."

அவர் மனைவி சுசீலா குறுக்கிட்டாள். "அன்னைக்கும் நீங்கதான் சொன்னீங்க. இன்னைக்கும் நீங்கதான் சொல்றீங்க. நாங்க எத நம்புறது?"

வைஜெயந்தி எத்தனையோ கருத்தரங்கில் பேசியிருக்கிறார். இப்படி நேராக ஒருவரும் கேட்டதில்லை.

"என்னை நம்ப வேண்டாம்மா. நீங்களே சோதிங்க."

எட்டு பாட்டில்களை வெளியே எடுத்து வைத்தார். நான்கில் சுசீலாவே கிணற்று நீரை நிரப்ப வேண்டும். இரண்டில் வெறும் வடிநீர். இரண்டில் வேண்டுமென்றே கலந்த ஈயம். எண்களை மட்டும் ஒட்டி, எந்த எண்ணில் என்ன என்பதை சுசீலா தன் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வகையிலும் பாதி வைஜெயந்தியின் கூடத்துக்கு, பாதி மெயின்லேண்டில் சென்னைக் கூடத்துக்கு.

"ஈயம் கலந்தத நாங்க கண்டுபிடிக்கலேன்னா, எங்க லேபே சரியில்லைன்னு அர்த்தம்."

சுசீலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கயிற்றை எடுத்தாள்.

பதினெட்டு நாள் கழித்து, பஞ்சாயத்து அலுவலகத்தில் ஊர் கூடியது. வைஜெயந்தி முடிவுகளை எண் எண்ணாகப் படிக்க, சுசீலா நோட்டில் விரல் வைத்துச் சரிபார்த்தாள். இரண்டு கூடமும் ஒன்றையே சொல்லின. ஈயம் கலந்த பாட்டில்கள் தப்பாமல் மாட்டின. கிணற்றில் ஈயமே இல்லை. பிறகு தன் பிழையை எழுதிய கடிதத்தை, எல்லோருக்கும் புரிய ஹிந்தியில் வாசித்தார்.

பழனிசாமி எழுந்து வந்தார். "அதுல ஒரு காப்பி குடுங்க மேடம். சாய் கடையில ஒட்டணும்."

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் குடத்தோடு வந்தாள்.

அந்த மழைக்காலம் முடிந்த வாரத்தில் வைஜெயந்திக்கு ஒரு போன் வந்தது. "மழைக்கு அப்புறம் ஒருக்கா பாத்துடணும்ல மேடம்?" என்றாள் சுசீலா. "பாட்டில் அனுப்புங்க. எங்க கிணத்துக்கு மட்டும் இல்ல, ஆறு கிணத்துக்கு. எல்லாத்தையும் நானே நெரப்பித் தர்றேன்."