பாதிச் செடி

நாற்பத்தாறு வயதாகியும் தங்கைக்குக் குட்டி என்ற பேர் போகவில்லை. அக்காவுக்கோ எட்டு வயதிலேயே பெரியவள் என்று பேர் வந்துவிட்டது, குட்டி பிறந்த அன்றைக்கே. அன்றிலிருந்து வேலையெல்லாம் அவளுக்கு, கொஞ்சலெல்லாம் இவளுக்கு. அம்மா படுக்கையில் விழுந்து ஆறு வருஷம். பீ மூத்திரம் அள்ளுவதும், முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதும் பெரியவள். குட்டி வருஷத்துக்கு ஒருமுறை வந்து, அம்மாவின் கன்னத்தைத் தடவி, கண்ணைக் கசக்கிவிட்டுப் போவாள். அம்மா அதையே பத்து நாள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். "நீதான் என்னைப் பார்த்துக்கிட்டே" என்று ஒரே ஒரு வார்த்தை. அதற்குத்தான் பெரியவள் காத்துக் கிடந்தாள்.

இந்த முறை வந்தவள், ஜன்னலுக்கு வெளியே காய்ந்து நின்ற தண்டுகளைப் பார்த்து, "அம்மா, உன் வெரோனிகால எனக்கும் கொஞ்சம் குடேன்" என்றாள். வெரோனிகா அம்மா வைத்த பூச்செடி. குளிரில் செத்தாற்போல் கிடந்து, வெயில் வந்ததும் முழங்கால் உயரத்துக்கு நீலநீலமாகக் கதிர் விடும்.

"பாதியை எடுத்துக்கோடி கண்ணு. அக்கா பிரிச்சுத் தருவா."

அக்கா பிரித்தாள். இந்தச் செடி நாலு வருஷம் ஒரே இடத்தில் இருந்தால் நடுவில் கட்டை தட்டிப்போகும். உயிரெல்லாம் ஓரத்துக்கு நகர்ந்துவிடும். பிரிக்கிறவர்கள் ஓரத்தை நட்டு நடுவைக் குப்பையில் போடுவார்கள். நடமாடிய நாளில் அம்மாவும் அப்படித்தான் செய்தாள். பெரியவள் ஓரத்தைச் சுற்றிலும் வெட்டித் தன் பாத்தியில் வைத்துக்கொண்டாள். பார்வைக்குப் பெரிசாக இருந்த நடுக்கட்டையை ஈரச் சாக்கில் சுற்றி நீட்டினாள்.

"இவ்வளவு பெரிசாக்கா! உனக்கு வச்சுக்கலையா?" என்று குட்டி கட்டிக்கொண்டாள். பெரியவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு ருசித்தது.

பிறகு வாராவாரம் போன்.

"இன்னும் ஒண்ணும் வரலக்கா."

"தண்ணியை அதிகமா ஊத்திட்டியோ?"

"குறைச்சும் பார்த்துட்டேன்."

"அப்ப வெயில் பத்தல போல."

குட்டி கட்டையைத் தோண்டி இடம் மாற்றினாள். மறுபடியும் மாற்றினாள். "கைராசின்னு ஒண்ணு இருக்கில்லடி" என்று பெரியவள் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றினாள். அவள் அழுததைப் போனை வைக்காமல் கடைசிவரை கேட்டாள்.

பாத்தி முழுக்க நீலம் நிறைந்திருந்த ஒரு மத்தியானம், பெரியவள் அம்மாவுக்கு சூப் ஊட்ட உட்கார்ந்தபோது குட்டி கூப்பிட்டாள். பெரியவள் ஸ்பீக்கரில் போட்டாள். செல்ல மகள் அழுவதை அம்மாவும் கேட்கட்டும்.

"அம்மா, நீ குடுத்ததைக் கொன்னுட்டேன்மா. ஒரு செடியைக்கூடக் காப்பாத்தத் துப்பில்ல எனக்கு."

"அழாதடி, கேட்கச் சகிக்கல. நீ கொல்லல. உங்கக்கா குடுத்தது நடுக்கட்டை. ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

குட்டியின் அழுகை நின்றது.

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்படிச் சொல்ல? நீ சாயங்காலம் கிளம்பிடுவே. நான் இவ கையிலதானே கிடக்கணும். பயம்டி."

பெரியவள் போனை அணைத்தாள். ஆறு வருஷத்தில் ஒருநாளும் கை ஓங்கியதில்லை, முகம் சுளித்ததில்லை. அம்மா நல்ல வார்த்தை சொல்லாததற்கு அவள் என்னென்னவோ காரணம் நினைத்திருந்தாள். பயம் என்று மட்டும் நினைத்ததே இல்லை.

சரி, இத்தனை நாள் பயந்தது வீண்போக வேண்டாமே. கொதிக்கக் கொதிக்க இருந்த சூப்பை ஸ்பூன் நிறைய எடுத்து, ஊதாமல் நீட்டினாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.