வெங்காயக் கலர் துணி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை, போன வியாழக்கிழமை வரைக்கும்.

முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். ஆசைக்கு ஒரு பழைய அம்பாசிடர். போன மாதம்தான் கிரீம் கலரில் புதுப் பெயிண்ட் அடித்தேன். அன்றிலிருந்து பெட்ரோல் உள்ளே இறங்க மாட்டேன் என்றது. இரண்டு லிட்டர் போவதற்குள் பைப் டக்கென்று நின்றுவிடும். மறுபடி அழுத்தினால் திருப்பிக் கக்கும்.

வியாழக்கிழமை பங்க்கில் சித்ரகலா என்ற பெண் பெட்ரோல் போட்டாள். கக்கியது. புதுப் பெயிண்ட் மேலெல்லாம் பெட்ரோல் வழிந்தது.

"டேங்க்குல காத்து வெளிய போற குழாய் அடைச்சிருக்குதுங்க. ஒருக்கா பாக்கச் சொல்லுங்க," என்றாள்.

"பெட்ரோல் போடத் தெரியல, எனக்கு வண்டி பத்திச் சொல்லித் தர்றயா?" என்று கத்தினேன்.

மேனேஜர் ஓடி வந்தார். என் முன்னாலேயே, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார். எனக்கு அப்போது திருப்தியாகத்தான் இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன்.

மறுநாள் காலை மெக்கானிக் கிட்டுசாமி பெட்ரோல் மூடிக்குக் கீழே இருந்த சின்னக் குழாய்க்குள் கம்பியை விட்டு எதையோ இழுத்தார். சுருட்டிய பனியன் வேஸ்ட் துணி. வெங்காயக் கலர்.

"நம்மூர்ல எந்த ஓட்டைன்னாலும் வேஸ்ட்ட எடுத்துச் சொருகிருவாங்க. இது எந்தப் புண்ணியவானோ!" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாயம் சரியில்லை என்று திரும்பி வந்த எங்கள் சரக்கின் கலர் அது. பெயிண்ட் உள்ளே போய்விடக் கூடாதென்று, கட்டிங் டேபிளிலிருந்து எடுத்து வந்து நானே சொருகியது. எடுக்க மறந்திருக்கிறேன்.

நேராகப் பங்க்குக்குப் போய் மேனேஜரிடம் துணியைக் காட்டினேன். "தப்பு என்னுதுங்க. அந்தப் புள்ளையக் கூப்புடுங்க. வர்ற வரைக்கும் நான் நகர மாட்டேனுங்க."

அவர் போன் செய்தார். முக்கால் மணி நேரம் கழித்து டவுன் பஸ்ஸிலிருந்து சித்ரகலா இறங்கினாள். வேலையைப் பார்க்கச் சொல்லி மேனேஜர் தொப்பியைக் கொடுத்தார்.

"அம்மிணி, நீங்க சொன்னதுதானுங்க சரி. நான் பேசுனதுதான் தப்பு," என்றேன்.

அவள் தொப்பியை மாட்டிக்கொண்டு பைப்பை எடுத்தாள். "எவ்வளவுங்க?" என்றாள்.

"ஃபுல்லுங்க."

பெட்ரோல் தங்குதடையின்றி இறங்கியது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. சித்ரகலா டேங்க்கைப் பார்க்கவேயில்லை. கடைசிவரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு போட்டாள்.